பவளத்துக்கு எங்கே இடம்? எவ்வளவு வெளிச்சம்?

(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதும் அறிவியல் கட்டுரை)



போன வாரம் மதிய இடைவேளையில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "பவளம் என்பது கல்லா, செடியா, மிருகமா?" பாதிப் பேர் "கல்" என்றார்கள். சில பேர் "கடல் செடி" என்றார்கள். "மிருகம்" என்று சொன்னது ஒரே ஒருத்திதான். அவளையும் எல்லோரும் சேர்ந்து கேலி செய்தார்கள். ஆனால் அவள் சொன்னதுதான் சரி! அன்றைக்கே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. மே மாத விடுமுறையில் நான் செய்த ஒரு தப்பால் ஒரு பவளம் சாகப் பார்த்தது. அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யக் கூடாது.

மாமா வீட்டுத் தொட்டி

சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தேன். மாமா வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. நம் வீடுகளில் தங்கமீன் வளர்க்கிறோமே, அந்த மாதிரி நல்ல தண்ணீர்த் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், உள்ளே பாறை, கோமாளி மீன் இரண்டு, ஒரு சின்ன இறால். நான் போன மூன்றாம் நாள் மாமா கடையிலிருந்து ஒரு மென்பவளம் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், பார்த்தால் காளான் மாதிரி. அடியில் தண்டு, மேலே குடை, குடை முழுக்க ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூக்கள் அசைந்துகொண்டிருந்தன. தொட்டால் தோல் மாதிரி இருப்பதால் இதற்குத் 'தோல் பவளம்' என்று பெயராம். அறிவியல் பெயர் சார்கோபைட்டான்.

மாமா அதைத் தொட்டியின் அடியில், மணல் பக்கமாக ஒரு சின்னப் பாறை இடுக்கில் செருகி வைத்தார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. "இவ்வளவு அழகா இருக்கு, இதைப் போய் மூலையில வைக்கிறாரே" என்று தோன்றியது.

மறுநாள் மாமா வேலைக்குப் போனதும் அதை எடுத்து உச்சிப் பாறையில், லைட்டுக்கு நேர் கீழே வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் பூக்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. "இடம் பிடிக்கலை போல" என்று இடது பக்கம் மாற்றினேன். அடுத்த நாள் இன்னும் சுருங்கியது. வலது பக்கம் மாற்றினேன். மூன்றாம் நாள் குடை முழுவதும் சுருங்கி, பிசைந்து வைத்த மாவு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் ஒரு இடம் வெளுத்தும் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரவு மாமாவிடம் உண்மையைச் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கத்தரி நாத்தைத் தினமும் பிடுங்கிப் பிடுங்கி வேற இடத்துல நட்டா வேர் பிடிக்குமாம்மா?"

அன்றிலிருந்து மாமா சொல்லிக் கொடுத்ததையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன்.

பவளம் யார்?

பவளம் ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தக்காரர். நான் பூ என்று நினைத்தது எல்லாம் பாலிப் எனப்படும் சிறு உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய், சுற்றிலும் கை போன்ற கொம்புகள். மென்பவளம் என்றால் கொம்புகள் எட்டு இருக்கும். ஒவ்வொரு கொம்பின் இரு ஓரத்திலும் இறகு மாதிரி கிளை இருக்கும். கற்பவளத்துக்குக் கொம்புகள் பெரும்பாலும் ஆறின் மடங்கில் இருக்கும். கற்பவளம் சுண்ணாம்பால் கெட்டியான கூடு கட்டும். மென்பவளம் அப்படிக் கட்டாது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுண்ணாம்பு ஊசிகள்தான் இருக்கும்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பாட்டிமார் போடும் சிவப்புப் பவள மாலை இருக்கிறதே, அந்தப் பவளமும் எட்டுக் கொம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மத்தியதரைக் கடலில் கிடைப்பது மிகவும் பேர் போனது.

சரி, விலங்குக்கு எதற்கு வெளிச்சம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. தோல் பவளத்தின் சதைக்குள் லட்சக்கணக்கில் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஸூசாந்தெல்லே என்று வாயில் நுழையாத பெயர்! அந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கும். அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் அதற்குப் பதிலாகப் பாசிக்கு வீடு கொடுக்கிறது. தன் கழிவையும் கரியமில வாயுவையும் உரமாகக் கொடுக்கிறது. உயிரியல் பாடத்தில் 'கூட்டுயிர் வாழ்க்கை' என்று படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆகவே நாம் பவளத்துக்கு லைட் போடவில்லை, அதன் உள்ளே இருக்கும் பாசிக்குத்தான் லைட் போடுகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வந்ததும் முதல் ஒரு மணி நேரம்

கடையிலிருந்து பவளம் பிளாஸ்டிக் பையில் வரும். அதை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது.

முதலில் தொட்டி விளக்கைக் குறைத்துவிட வேண்டும். பையைக் கட்டு அவிழ்க்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடவேண்டும். இது இரண்டின் சூடும் ஒன்றாவதற்காக. பிறகு பவளத்தைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்ன வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடவேண்டும். இது உப்பின் அளவு மெதுவாக ஒத்துப்போவதற்காக. கடைசியில் பவளத்தை மட்டும் எடுத்துத் தொட்டியில் வைக்க வேண்டும். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கடைத் தொட்டியில் இருந்த பூச்சியும் கழிவும் அதோடு வந்துவிடும்.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். தொட்டியிலும் அதே அளவு. சூடு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். மாமா குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்துவதில்லை. வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடி கலக்கிறார். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும், ஆனால் உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இதை மாமா என்னிடம் கேள்வியாகக் கேட்டார், நான் சரியாகச் சொல்லிவிட்டேன்!

எங்கே வைப்பது?

புதுப் பவளத்தை எப்போதும் கீழே, தொட்டியின் அடிப்பாகத்தில்தான் முதலில் வைக்க வேண்டும். மேலே ஏற்றுவது பிறகு. காரணத்தை வெளிச்சம் பகுதியில் சொல்கிறேன்.

மணலில் நேராகப் புதைக்கக் கூடாது, மணல் மூடினால் அந்த இடம் அழுகும். ஒரு சின்னப் பாறைத் துண்டோடு சேர்ந்து வந்தால் அந்தத் துண்டை இடுக்கில் ஆடாமல் செருகினால் போதும். தோல் பவளம் வழுவழுப்பான கோழையை விடுவதால் அதன் சதையில் பசை ஒட்டாது. அது தானே பாறையைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நண்டோ நத்தையோ தள்ளிவிடாத இடமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும்! மென்பவளத்துக்குக் கெட்டியான கூடு இல்லை, ஓடவும் முடியாது. அதனால் அது தண்ணீரில் சில ரசாயனங்களை விட்டு அக்கம்பக்கத்தாரை விரட்டும். கற்பவளங்கள் பக்கத்தில் இருந்தால் அவற்றின் வளர்ச்சி கெடும். நாலு புறமும் ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது. மாமா கூடவே ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற கரியை ஒரு துணிப் பையில் போட்டு ஃபில்டரில் வைத்திருக்கிறார். அந்த ரசாயனத்தை அது உறிஞ்சிவிடும். இன்னொன்று, இப்போது உள்ளங்கை அளவு இருக்கும் குடை நாளைக்கு ஒரு அடி அகலத்துக்கும் விரியலாம். கீழே இருப்பவர்களுக்கு நிழல் விழும். அதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

நீரோட்டமும் முக்கியம். தொட்டிக்குள் அலை உண்டாக்க ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதன் வாய்க்கு நேரே வைத்தால் பவளம் விரியாது. தண்ணீரே அசையாத மூலையில் வைத்தால் அதன் மேல் அழுக்குப் படியும். பூக்கள் காற்றில் நெற்பயிர் அசைவது மாதிரி, ஒரே பக்கம் சாயாமல் இங்கும் அங்கும் அசைந்தால் அது சரியான இடம்.

எவ்வளவு வெளிச்சம்?

மேட்னி ஷோ முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும்? கண் கூசும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பவளத்துக்கும் அப்படித்தான். ஆனால் நம் கண்ணுக்குச் சில நிமிடம் போதும், பவளத்துக்குச் சில வாரம் வேண்டும். கடைத் தொட்டியில் மங்கலான வெளிச்சத்தில் இருந்த பவளத்தின் பாசிகள் அந்த வெளிச்சத்துக்குத் தகுந்தபடி பச்சையத்தை நிறைய வைத்திருக்கும். திடீரென்று பலமான விளக்கின் கீழே வைத்தால் பாசியால் தாங்க முடியாது. ஒளிச்சேர்க்கை எந்திரம் தடுமாறி, செல்லைக் கெடுக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகும். பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பாசியையே வெளியே தள்ளிவிடும். நிறம் கொடுத்ததும் சோறு போட்டதும் பாசிதான் அல்லவா? அது போனால் பவளம் வெளுக்கும், பட்டினியும் கிடக்கும். என் பவளத்தின் ஓரம் வெளுத்தது இதனால்தான்.

ஒளியை அளக்க ஒரு கருவி உண்டு. பார் மீட்டர் என்பார்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று அது காட்டும். உச்சி வெயிலில் இது 2000 அளவுக்கு இருக்கும். தோல் பவளத்துக்கு 50 முதல் 150 போதும். மாமா நண்பர் ஒருவரிடம் அந்தக் கருவியை இரவல் வாங்கி அளந்தார். மணல் பக்கம் 60, நடுப் பாறையில் 130, நான் கொண்டுபோய் வைத்த உச்சிப் பாறையில் 280! ஒரே தொட்டி, ஒரே விளக்கு, ஒரு முழத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? மாமா சொன்ன முறை இது:

1. கடையிலேயே கேளுங்கள், "இது எந்த மாதிரி லைட்டில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது?" என்று.

2. முதல் வாரம் பவளம் அடியில் இருக்கட்டும். எல்.ஈ.டி. விளக்கில் குமிழ் இருந்தால் வெளிச்சத்தைப் பாதிக்குப் பக்கமாகக் குறையுங்கள்.

3. பிறகு வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் மட்டும் கூட்டுங்கள்.

4. வெளிச்சம் பழைய அளவுக்கு வந்த பிறகுதான் இடத்தை ஒரு படி மேலே மாற்றலாம். ஒரு முறை மாற்றினால் குறைந்தது இரண்டு வாரம் தொடக் கூடாது.

5. நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் விளக்கு போதும். டைமர் வைத்தால் மறக்காது. இரவில் இருட்டு கட்டாயம் வேண்டும்.

"அப்போ ஜன்னல் ஓரமா வெச்சா கரண்டு மிச்சம் தானே மாமா?" என்று கேட்டேன். "வெயில் பட்டா தண்ணி சூடாகிடும், கண்ணாடி முழுக்கப் பாசி பிடிக்கும். அப்புறம் கரண்டு மிச்சம், பவளம் மிச்சமிருக்காது" என்றார்.

விளக்கு ஏன் நீலமாக இருக்கிறது என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. சூரிய ஒளியின் ஏழு நிறத்தில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கடல்நீரில் கரைந்துவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். பவளப் பாசி அந்த நீலத்துக்குப் பழகியது. அதனால்தான் தொட்டி விளக்கிலும் நீலம் தூக்கலாக இருக்கும்.

பவளமே நமக்குச் சொல்லும் செய்தியும் உண்டு. தண்டு நீண்டு நீண்டு விளக்கை நோக்கி எட்டினால், அல்லது நிறம் கரும்பழுப்பானால், வெளிச்சம் பற்றவில்லை. வெளுத்தால், சுருங்கினால், வெளிச்சம் அதிகம்.

மூடிக்கொண்டால் செத்துவிட்டதா?

இல்லை! தோல் பவளத்துக்கு ஒரு குணம் உண்டு. புது இடத்துக்கு வந்தாலும், சும்மா இருக்கும்போதேகூட, அவ்வப்போது பூக்களை மூடிக்கொள்ளும். மேலே மெழுகு பூசினது மாதிரி ஒரு படலம் வரும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை அப்படியே இருக்கும். பிறகு பாம்பு சட்டை உரிப்பது போலப் படலம் உரிந்து போகும். தன் மேல் படிந்த பாசியையும் அழுக்கையும் அது இப்படித்தான் கழற்றிப் போடுகிறது. அப்போது நீரோட்டம் நன்றாக இருந்தால் உரிவது சுலபம். நாம் கையால் பிய்க்கக் கூடாது.

நாற்றம் அடித்தால், சதை கருத்துக் கரைந்து விழுந்தால் மட்டுமே ஆபத்து. அப்போது உடனே பெரியவர்களிடம் சொல்லி, அழுகிய பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதும் கெடும்.

இன்னொரு எச்சரிக்கை. கடைகளில் 'பட்டன் பாலிப்' என்று சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வகை மென்பவளங்களோடு சேர்த்து விற்கப்படும். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அது இருக்கும் பாறையைச் சுரண்டவோ, வெந்நீர் ஊற்றிக் கழுவவோ கூடவே கூடாது, ஆவியில் வந்தாலும் ஆபத்து. எந்தப் பவளமாக இருந்தாலும் கையுறை போட்டுத் தொடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நான் வெறுங்கையால் மூன்று நாள் தூக்கி வைத்ததைக் கேட்டு அத்தைக்கு வந்த கோபம் இன்னும் மறக்கவில்லை.

பிறகு என்ன ஆனது?

மாமா பவளத்தை மறுபடியும் கீழே வைத்தார். லைட்டைக் குறைத்தார். "இனிமே கைய பின்னால கட்டிக்கிட்டுப் பார்க்கணும்" என்றார். நான் தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது. ஐந்து நாள், பத்து நாள், அப்படியே மாவுருண்டை. விடுமுறை முடிந்து திருச்சிக்கு விமானம் ஏறும்போதும் அது திறக்கவில்லை. விமானத்தில் பாதி நேரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்து நான்காம் நாள் அம்மாவின் கைபேசிக்கு மாமா ஒரு படம் அனுப்பினார். படலம் உரிந்து, குடை விரிந்து, பூக்கள் எல்லாம் வெளியே வந்திருந்தன! வெளுத்த ஓரம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த இடத்துக்கு நிறம் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. நான் மூன்று நாளில் செய்த தப்பைச் சரிசெய்ய அதற்கு இரண்டு மாதம் தேவைப்பட்டது.

நம் கடலில்

நண்பர்களே, இது சிங்கப்பூர் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளைச் சுற்றி நமக்கே பவளப் பாறைகள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டு அதை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், வீடும் கட்டினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரைப் பாருங்கள், அதில் இருப்பதும் பவளக்கல்தான்.

கற்பவளங்களையும் கடல் விசிறிகளையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் சேர்த்திருக்கிறார்கள். கடலில் எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கடற்கரைக்குப் போய்ப் பவளம் தேடாதீர்கள். ஷோகேஸில் வைக்க வெள்ளைப் பவளக்கல் விற்றாலும் வாங்காதீர்கள்.

தொட்டியில் நான் செய்ததைக் கடலில் வெப்பம் செய்கிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது பல வாரம் நீடித்தாலே பவளம் பாசியைத் தள்ளி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அப்படி நடந்தது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுத்துவருவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். மாமாவின் தொட்டியில் லைட்டைக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. கடலுக்கு அப்படி ஒரு குமிழ் கிடையாது.

நினைவில் வைக்க ஐந்து

கீழே வை. மெதுவாகக் கூட்டு. அடிக்கடி மாற்றாதே. மூடினால் பொறு. தொட்டால் கை கழுவு.

மூளைக்கு வேலை: தொட்டி மீன்களுக்குச் சாப்பாடு போடாவிட்டால் சில நாளில் வாடிவிடும். ஆனால் தோல் பவளத்துக்கு மாமா தனியாக ஒன்றுமே போடுவதில்லை. அது எப்படி உயிர் வாழ்கிறது? (விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் 9 'ஆ' வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். விடை அடுத்த இதழில்!)